ஏஜென்டின் பெயரில் நிற்கும் என் வரிகள்

ஆலங்குளத்தில் கண் பரிசோதனை முடிந்து, மருந்து விட்ட கண்களோடு தென்காசி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து செல்வி கூப்பிட்டாள். "சார், எங்க இருக்கிய? அண்ணாச்சி போயிட்டாவ சார். காலைல நெஞ்சு வலிக்குன்னாவளாம். ஆஸ்பத்திரி வாசல்லயே..." பரமசிவன் இறந்துவிட்டார் என்பது மனத்தில் இறங்குவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. என் பெயரைப் பற்றி இனி யாரிடம் கேட்பது? துக்கத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்தது. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுதினால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

அவரை அறிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன். குற்றாலம் சாலையில் ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கும் எங்கள் மென்பொருள் அலுவலகத்தை நடத்தியவர் அவர். எல்லாருக்கும் அண்ணாச்சி. எனக்கு மட்டும் பரமசிவன், ஏனென்றால் நான் வயதில் மூத்தவன். வங்கியின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னை அழைத்து, மருந்துக்கடைகளுக்கான மென்பொருளில் ஒரு பகுதியை ஒப்படைத்தார். "நீங்க மெதுவாத்தான் எழுதுவிய சார். ஆனா நீங்க எழுதினதை நான் திரும்பப் பாக்க வேண்டாம்லா" என்றார். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு வெகுநாள் நிமிர்ந்து நடந்தேன்.

எழுதி முடித்த நிரலை எல்லாருக்கும் பொதுவான ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். ரெப்போ என்போம். எந்த வரியை யார் எழுதினார், எப்போது மாற்றினார் என்பதை அது குறித்து வைத்துக்கொள்ளும். சேர்க்கும் அந்தக் கடைசிக் கட்டளையை இட எனக்கு விரல் வராது. அடுத்தவர் வேலையை அழித்துவிடுவேனோ என்ற பயம். சீசன் நாட்களில் அலுவலகமே காலையில் ஐந்தருவிக்குக் கிளம்பிவிடும். கிளம்புமுன் அவரவர் வேலையை ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பரமசிவன் தோளில் துண்டோடு, தலையில் வைத்த எண்ணெய் கையில் மினுங்க, "தாங்க சார், நான் ஏத்துதேன்" என்று என் பென்டிரைவை வாங்கிக்கொள்வார். "அண்ணாச்சி, உங்க கீபோர்டுல தோசை ஊத்தலாம்" என்பான் ராஜா. அவன் எங்கள் நிரலாளர்களில் ஒருவன்.

பிறகு ஏஐ ஏஜென்ட் வந்தது. வேண்டியதைச் சொன்னால் தானே நிரல் எழுதித் தானே ரெப்போவில் சேர்த்துவிடும். அது எழுதிய ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் அதன் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தவர் பரமசிவன். ராஜா ஒருமுறை அந்த வரியை நீக்கிவிட்டுத் தன் பெயரை மட்டும் வைத்திருந்தான். "ஏலே, அது எழுதினதை நீ எழுதினேன்னு சொல்லுத. நாளைக்குத் தப்புன்னு தெரிஞ்சா மட்டும் அது எழுதுச்சும்ப. என்னலே நியாயம் இது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ராஜாவும்தான். அன்று பரமசிவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்தக் கோடையில் வாடிக்கையாளர் நிறுவனத்தார் காணொளிக் கூட்டம் நடத்தினார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பது வண்ணப் பட்டைகளாகத் திரையில் வந்தது. என் பட்டை ஒரு நூலிழை. கடைகளிலிருந்து திரும்பி வரும் மருந்துகளைக் காலாவதி நாள் பார்த்துப் பிரிக்கும் பகுதி நான் எழுதியது. அது முழுவதும் ஏஜென்டின் பெயரில் நின்றது. "ஏஜென்ட் இதைப் பிரமாதமாகச் செய்திருக்கிறது" என்றார் அந்தப் பக்கத்துப் பெண்மணி. பரமசிவன் சிரித்தபடி தலையாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. வயதாகிவிட்டது, ஏஜென்ட் எழுதியதைப் படித்துவிட்டு நான் எழுதியதாக நினைத்துக்கொண்டேனோ? திறந்து பார்த்தேன். சோதனைக்காக நான் வைத்திருந்த கற்பனைக் கடைகள் அப்படியே இருந்தன. சிற்றருவி மெடிக்கல்ஸ், புலியருவி மெடிக்கல்ஸ். செல்வியிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி ஏஜென்ட் வழியாத்தான் ஏத்துவாவ சார். அப்படி ஏத்தினா அது தானா தன் பேரைப் போட்டுக்கிடும்."

"அப்படியானால் தவறுதலாக நடந்ததுதானே?"

அவள் தயங்கினாள். "மொதல்ல தவறுதல்தான் சார். அப்புறம் நான் சொன்னேன், சார் பேரு வரலன்னு. விடுன்னுட்டாவ."

சாரல் தொடங்கிய ஒரு நாள், பேரருவிக்குப் பக்கத்து டீக்கடையில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பேச்செடுத்தேன். "பரமசிவன், அந்தக் காலாவதிப் பகுதி..."

"தெரியும் சார். உங்க பேரை நான் எடுக்கல. போடல, அவ்வளவுதான்." டீயை ஆற்றினார். "அவங்களுக்கு ஏஜென்ட் எழுதினாத்தான் மதிப்பு. எழுபது வயசுக்காரர் எழுதினாருன்னா, அவரு போயிட்டா யாரு பாப்பான்னு கேப்பாவ. இத்தன பேரு சாப்பிடணும்லா?"

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க சரின்னுருப்பிய சார். அதான் சொல்லல."

நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்த ஒருவர், அந்தத் தெரிதலையே இப்படிப் பயன்படுத்தினார். கிளம்பும்போது, "சீசன் முடியட்டும் சார், மாத்திருதேன்" என்றார். சீசன் முடியுமுன் அவரே போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "அந்தத் திரும்பி வார மருந்துக்கு ஏஜென்டை வச்சு அவிய என்னமோ செஞ்சாவளாமே சார், கம்பெனிக்காரங்க ரொம்பப் பாராட்டினாவன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. அப்ப நீங்களும் கூட இருந்தியளா?"

"இருந்தேன் அம்மா" என்றேன்.

ரெப்போவில் பழைய பதிவுகளைத் திருத்தி என் பெயரைப் போட்டால் அவற்றுக்குப் பின்னால் வந்த எல்லாருடைய பதிவுகளும் குலையும் என்கிறாள் செல்வி. அது வேண்டாம். அந்த அம்மாள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தப் பகுதியை எழுதியது ஏஜென்ட் அல்ல, பரமசிவனும் அல்ல. நான்.

என்னை வேலைக்கு அழைத்த நாளையும் அவர் சிரிப்பையும் நினைவில் வைத்திருப்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையில் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது கோபம். இத்தனை வயதுவரை யார்மேலும் எனக்கு ஒரு நாளுக்குமேல் கோபம் நின்றதில்லை. அவர் உயிரோடு இருந்தால் இதையும் பேசிக் கரைத்திருப்பார், நானும் கரைய விட்டிருப்பேன். இப்போது அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. நானே வைத்துக்கொள்கிறேன்.