என் கழுத்தையே பார்த்தவள்

ஆவடிக்குப் போகும் மின்சார ரயிலில், எதிர் இருக்கைப் பெண் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெயிலிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். நான் தண்ணீர் குடித்தபோது இன்னும் உற்றுப் பார்த்தாள். யாரை நம்புவது? சங்கிலியைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டேன்.

“யக்கா, நீ முழுங்கும்போது கழுத்துல இன்னாமோ ஏறி எறங்குது. தைராய்டு பாத்தியா?”

“ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு. நார்மல்,” என்றேன் வெடுக்கென்று.

“எனக்கும் நார்மல்னுதான் வந்துச்சு. சுரப்பி ஒழுங்கா வேலை செய்யுதான்னுதான் அது சொல்லும். உள்ளே கட்டி கீதுன்னு ஸ்கேன் எடுத்தப்புறந்தான் தெரிஞ்சுது.”

முந்தானையை விலக்கினாள். கழுத்தின் குறுக்கே ஒரு தழும்பு.

அண்ணனூரில் அவள் இறங்கிப் போனாள். அப்போதும் என் கை சங்கிலியைத்தான் தேடியது. அது பத்திரமாக இருந்தது. அதன் அடியில், தொண்டைக்குழியருகே, உருண்டையாக ஏதோ விரலில் தட்டுப்பட்டது.