மாமனாருக்காகப் போட்ட லீவு

மைதானம் மழையில் குளமாகி, சனி, ஞாயிறு இரண்டு கிரிக்கெட் ஆட்டங்களும் ரத்தாகிவிட்டன. அச்சக மெஷின்காரருக்கோ புலிவாலைப் பிடித்த கதை. ஆட்டம் பார்க்கும் வெறியில், மாமனார் தவறிவிட்டதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லி லீவு வாங்கியிருந்தார். தவறிப்போன மனிதரோ டி.வி.யில் ஆட்டம் பார்க்க வீட்டுக்கு வந்து, சோபாவில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார். மாமனாரை நன்றாகத் தெரிந்த சூப்பர்வைசருக்கு எதிர்வீடு. அவரும் ஆட்டத்துக்காகவே லீவு போட்ட ஆசாமி. இப்போது பொழுது போகாமல் வாசலிலேயே பழியாய்க் கிடந்தார். ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே வேர்த்து வழிந்தார் மெஷின்காரர்.

“ஆட்டந்தான் இல்லையே, நான் கிளம்பறேன் மாப்ளே,” என்று எழுந்து செருப்பை மாட்டினார் மாமனார்.

மெஷின்காரர் பாய்ந்துபோய்க் கதவை மறித்தார். “ஐயோ, போகாதீங்க மாமா! ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போகணும்!”

கிழவர் மெல்லச் செருப்பைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

“பதினோரு வருஷத்துல இப்பத்தான் என்னை இருக்கச் சொல்றீங்க.”