லாரி வராத மலைப் பாதை

இன்று காலை பிரேக் கட்டை மாற்ற அம்பத்தூர் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். அங்கே புது சைக்கிள் வாங்க வந்தவர் கேட்டார்.

"அண்ணாத்தே, லாரி தொல்லை இல்லாம மலைப் பக்கம் ஓட்ட ரோடு எதுனா கீதா?"

ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலையோரப் பாதையைச் சொன்னேன். ஒருபக்கம் பாறை, கீழே பள்ளத்தில் ஓடை, ஆள் நடமாட்டமே இருக்காது.

"தனியாவா போவீங்க?"

"இல்ல, குரூப்பா போவோம்."

நான் எப்போதும் தனியாகப் போவதை அறிந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வந்தவர் விடவில்லை.

"அப்போ ஞாயித்துக்கெழம உங்க குரூப்போட நானும் வர்ட்டா?"

இல்லாத குழுவை எப்படிக் காட்டுவது? "இந்த வாரம் யாரும் ஊர்ல இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவருடைய நம்பரைக்கூட வாங்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் ஆவடியிலிருந்து கிளம்புகிறேன். குழுவில் இப்போதைக்கு நான் மட்டும்தான். யார் வருகிறீர்கள்?