சேலை மடிப்பில் கிடைத்த மல்லன்

அந்த அட்டையை எடுத்தவன் நான்தான். சல்மா அதைக் குப்பையில் போடவில்லை. இதை உங்களிடம் சொல்கிறேன்... சொல்லவேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை!

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலிருந்து ஜப்பானியர் வருவார்கள். அவர்களில் ஒருவர் அன்பாகக் கொடுத்த பழைய சுமோ மல்யுத்த அட்டையால் பிடித்தது எனக்கு இந்த அட்டை சேர்க்கும் பைத்தியம். உள்ளங்கை அளவுக் கெட்டி அட்டை. அதில் தொப்பையும் கொண்டையுமாக ஒரு மல்லன். அந்த நாட்டுப் பிள்ளைகள் ஒரு காலத்தில் தரையில் அடித்து விளையாடியவை. ஓர் ஆல்பம் நிறையச் சேர்த்துவிட்டேன்.

இதை அறிந்த ஒரு ஜப்பானிய அம்மாள், இறந்துபோன தன் அப்பா சிறுவயதில் விளையாடிய அட்டையை எனக்குக் காட்டவே கொண்டுவந்தார். பின்புறத்தில் அந்த அப்பாவின் பெயர், குழந்தைக் கையெழுத்தில். அப்படியொன்று என்னிடம் இல்லை. பார்த்துவிட்டுப் பாயில் வைத்தேன். அதன்மேலேயே சேலைகளை விரித்தேன். அவரும் மறந்து போய்விட்டார். மாலையில் ஒரு மடிப்பிலிருந்து அது என் மடியில் விழுந்தது.

திருப்பித் தந்திருக்கலாம் அல்லவா? சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சேலை மடிப்பவள் சல்மா. விறைப்புக்காக மடிப்புக்குள் வைக்கும் அட்டைகளில் நைந்தவற்றை அன்றன்றே குப்பையில் போடுவாள். கடை அடைப்பதற்குள் அந்த அம்மாள் பதறிக்கொண்டு திரும்பினார். குப்பை வண்டி போய்விட்டிருந்தது.

"பழைய அட்டைன்னு நீதாம்மா தூக்கிப் போட்டிருப்ப" என்றார் முதலாளி.

சல்மா ஒவ்வொரு சேலையாகப் பிரித்துத் தேடினாள். நானும் அவளோடு உட்கார்ந்து தேடினேன். அட்டை என் பையிலேயே இருந்தது... எப்பேர்ப்பட்ட பாவி நான்!

"என் கைதான் போட்டிருக்கும்" என்று கடைசியில் அவளே சொன்னாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்போதாவது வாயைத் திறந்தேனா?

அந்த அட்டையை ஆல்பத்தில் வைக்க எனக்குக் கை வரவில்லை. பீரோவில், என் மனைவியின் கல்யாணச் சேலைக்குள் கிடக்கிறது.

போன வாரம் வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் சல்மாவைப் பார்த்தேன். அவளேதான் கூப்பிட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் என்கூட உக்காந்துக்கினு தேடினீங்க. அந்தம்மா மறுபடி வந்தாங்கன்னா, சல்மா மன்னிப்பு கேட்டான்னு சொல்லுங்கண்ணா."

"சரிம்மா, சொல்றேன்" என்றேன்.