பிஸ்கட் டின்னுக்குள் இருந்த கடை

கையைத் துடைத்துவிட்டுத்தானே இந்த நினைவு மலரை எடுத்தீர்கள்? எண்ணெய் விரலோடு தாளைப் புரட்டினால் அண்ணனுக்குப் பிடிக்காது. இன்று காலை அவருடைய ஓராண்டு நினைவுத் திருப்பலியில் எங்களோடு செபித்துவிட்டு, இப்போது சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் புகழ எனக்கு வராது. புகழ்ந்தால் அண்ணனும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் திட்டவும் செய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பால்மரங்களை அழித்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலத்தில், கூலாய்ப் பட்டணத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் அண்ணன் பிறந்தார். அப்பா குலை அறுத்தார். அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அண்ணன் சுமாராகத்தான் படித்தார் என்று வாத்தியார்கள் சொல்வார்கள். ஆனால் பட்டணத்து முடிதிருத்தும் கடையில் அவரைப் போலப் படித்தவர் யாரும் இல்லை. வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில், தமிழ்நாட்டிலிருந்து வந்த காமிக்ஸ் புத்தகங்கள் கிடக்கும். துப்பறிகிறவர்கள், குதிரை வீரர்கள், காட்டுக்குள் புதையல் தேடுகிறவர்கள் என்று எல்லாரும் அதில் இருப்பார்கள். தன் முறை வரும்போதெல்லாம், "நீங்க போங்கண்ணே, நீங்க போங்கண்ணே" என்று பின்னால் வந்தவர்களை முன்னே அனுப்பிவிட்டுப் படித்துக்கொண்டே இருப்பார்.

"மொட்ட போட்டாகூட இவ்ளோ நேரம் ஆவாதுடா!" என்று அம்மா வாசலிலேயே கத்துவார்.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லயத்து வீட்டில் மழை ஒழுகும், கரையான் ஏறும். அதனால் மதிப்பான தாள் எதுவாக இருந்தாலும் அம்மா அதைப் பேருந்து நிலையத்துப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவார். பிறப்புப் பத்திரமான சூராட், ஞானஸ்நானச் சான்றிதழ், என் பரீட்சை முடிவு, தாத்தாவின் ஒரே புகைப்படம், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். பிளாஸ்டிக்குக்குள் போனால்தான் அந்தப் பொருள் பத்திரம், அதன் மேல் நமக்கு அன்பு என்று அர்த்தம். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள்.

பள்ளி முடித்ததும் செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தார். முதல் சம்பளத்திலிருந்தே பழைய காமிக்ஸ் தேடத் தொடங்கிவிட்டார். என் கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தங்காக் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். நானும் அம்மாவும் சேலைக் கடைக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கோட்டுத் துணி எடுக்கப் போன அண்ணனைக் காணவில்லை. மூடப்போகிற ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

"அலமாக்! கோட்டு எங்கடா?" என்றார் அம்மா.

"கோட்ட ஒரு நாளுதாம்மா போடுவேன். இது நிக்கும்."

இந்த மலரின் நடுப்பக்கத்தில் இருக்கும் என் கல்யாணப் படத்தைப் பாருங்கள். இரவல் கோட்டில், மணிக்கட்டுக்கு எட்டாத கையோடு, ஈயென்று சிரித்துக்கொண்டு நிற்பவர்தான் அண்ணன். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். இப்போது அழுகையாக வருகிறது.

அடுத்த ஆண்டு அண்ணி வந்தார். கட்டிலுக்கு அடியில் வரிசையாக பிஸ்கட் டின்களைப் பார்த்து, பலகாரம் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். உள்ளே காமிக்ஸ். நடுநடுவே, தொழிற்சாலையில் தூக்கிப்போடும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். அண்ணி சிரித்துவிட்டு மூடி வைத்தாராம். அதிலேயே தெரிந்துவிட்டது, இவர்தான் அண்ணனுக்குச் சரியான ஆள் என்று.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணி தினமும் காலையில் வீட்டு வாசலில் ஒரு குடைக்கு அடியில் தோசையும் நாசி லெமாக் சோறும் விற்றார். மழை வந்தால் வியாபாரம் போச்சு. கூரையுள்ள ஒரு பசியாறும் கடை வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அண்ணனுக்கும் அது ஒன்றே கவலை. தனக்குப் பிறகு அண்ணி யார் கையையும் பார்த்து நிற்கக் கூடாது என்று என்னிடம் அடிக்கடி சொல்வார்.

"நெலம் வாங்குறதுக்கு நமக்கு ஏது வழி? தங்கத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இந்த டின்னுக்குள்ளதான் உன் கடை இருக்கு," என்று அண்ணியிடம் சொல்வார்.

"கடைக்கு அடுப்பையும் உள்ளயே வச்சிருக்கீங்களா?" என்பார் அண்ணி.

எனக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. பழைய காகிதத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அண்ணன் பொறுமையாக விளக்கினார். அந்தக் காலத்தில் எல்லாரும் படித்து முடித்துவிட்டுக் கடலை மடிக்கப் போட்டுவிட்டார்கள். கிழியாமல், பேர் எழுதாமல், கம்பிப் பின் துருப்பிடிக்காமல் தப்பியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் விலை. சிறுவயதில் படித்தவர்கள் இன்று கையில் காசோடு சிங்கப்பூரிலும் சென்னையிலும் தேடுகிறார்கள். அதே கதையை யாராவது மறுபடி அச்சிட்டால் பழையதன் விலை இறங்கும். அது விற்றுத் தீர்ந்ததும் மறுபடி ஏறும். "வெலன்னா என்ன பாப்பா? இன்னிக்கு ஒருத்தன் என்ன கொடுக்கத் தயாரோ அதான். நேத்து கேட்ட வெலைய நெனச்சு அழக் கூடாது," என்பார்.

அப்படிப்பட்டவர் புத்தகத்தைத் தொடவிடுவாரா? முறுக்குத் தின்ற கையோடு நான் ஒரு தடவை ஒரு அட்டையைத் தொட்டதற்கு, "ஏய் பாப்பா! கை! கை!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் எட்டிப் பார்த்து, பாம்பா என்று கேட்டார்.

அவர்களுடைய வெள்ளிவிழாத் திருமண நாள் வந்தது. சாப்பாடெல்லாம் முடிந்ததும் அண்ணி, முகமெல்லாம் சிரிப்பாக, ஒரு பெரிய தட்டை வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். துணியை எடுத்தார். அண்ணன் தனியாக ஒரு டின்னில் வைத்திருந்த, இருப்பதிலேயே அருமையான புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் பின்னைப் பிடுங்கி, அட்டைக்குக் கெட்டியான லேமினேட் போட்டு, ஓரத்தில் ஓட்டை குத்தி, வளையம் கோத்துக் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் பழக்கத்தைப் பார்த்து, தோசைக் காசில் மாதக்கணக்காக மிச்சம் பிடித்துச் செய்த வேலை.

"இனிமே கரையான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்றார் அண்ணி.

ஒரு முறுக்கு விரலுக்குக் கத்தியவர் என்ன செய்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அண்ணன் ஒரு புத்தகத்தை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா பளபளன்னு இருக்கும்மா," என்றார். அவ்வளவுதான்.

கொல்லைப்பக்கம் போனவரை விடாமல் பின்னாலேயே போனேன். "அண்ணே, எல்லாம் போச்சா?"

"போச்சு."

"அப்போ அண்ணிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா பிளாஸ்டிக் உரியுமா? சும்மா இரு. எனக்காக யாரும் இவ்ளோ பாடுபட்டு எதுவும் செஞ்சதில்ல, பாப்பா."

என் அண்ணன் யார் என்று கேட்டால், நான் இந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

பிறகு கொரோனாவும் நடமாட்டக் கட்டுப்பாடும் வந்தன. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்து சிறுவயதை நினைத்துக்கொண்டிருந்தார்கள் போலும், காமிக்ஸ் விலை கிடுகிடுவென்று ஏறியது. சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த விலைகளை அண்ணன் வாசிக்க வாசிக்க, அண்ணி கடைக்கு என்ன நிற மேசை என்பதுவரை போய்விட்டார். ஆனால் நல்ல விலை கொடுக்கும் ஆள்கள் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் காசு தர மாட்டார்கள். எல்லை மூடிக் கிடந்தது. தபாலில் அனுப்பினால் ஈரம் பட்டுவிடும் என்று அண்ணனும் அசையவில்லை. எல்லை திறந்தபோது மக்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பழைய கதைகள் வண்ணத்தில் புதிதாக அச்சாகி வந்துவிட்டன. விலை மளமளவென்று இறங்கியது. இதற்குள் அண்ணனின் இதயமும் பலவீனமாகிவிட்டிருந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாளு வச்சிருந்தா ஏறாதா?" என்று நான் கேட்டேன்.

"ஏறும். நான் இருக்கணுமே," என்றார் சாதாரணமாக.

சிங்கப்பூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். நல்ல மனிதர். டின் டின்னாகத் திறந்து, ஒவ்வொரு பின்னையும் பார்த்து, நியாயமாக விலை சொல்லிக்கொண்டு வந்தார். அப்போது அண்ணி பெருமையாக அந்த லேமினேட் புத்தகங்களைத் தேநீரோடு சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார். "சார், இதுதான் இருக்கறதுலயே ஒசத்தி. கடைசியா காட்டலாம்னு வச்சிருந்தேன்."

அவர் ஒன்றைப் புரட்டினார். வளையத்தைப் பார்த்தார். "அக்கா... இத யாரும் வாங்க மாட்டாங்கக்கா. அட்டையில பிளாஸ்டிக் ஒட்டி, ஓட்டையும் போட்டாச்சுன்னா, சேகரிக்கிறவங்க தொடவே மாட்டாங்க."

அண்ணன் சட்டென்று குறுக்கே விழுந்தார். "அது விக்கிறதுக்கு இல்ல சார். அது என் சம்சாரம் எனக்குக் கொடுத்த பரிசு. சும்மா பாக்கத்தான் கொண்டாந்தாங்க."

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. சமையலறைக்குள் போனவர், சிங்கப்பூர்க்காரர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் மெதுவாக நடந்து வந்தார்.

"ஏங்க, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? என் கடைய நானே கெடுத்துக்கிட்டேனே!"

"அன்னிக்கு நீ எப்படிச் சிரிச்சுக்கிட்டு நின்ன தெரியுமா? அந்தச் சிரிப்புக்கு எவன் வெல கொடுப்பான்?" என்றார் அண்ணன். அண்ணி அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். நானும்தான்.

மிச்சம் எல்லாம் விற்றது. உச்சத்தில் இருந்த விலை இல்லை, ஆனால் நேற்றைய விலையை நினைத்து அண்ணன் அழவில்லை. நினைத்திருந்த இரண்டு கதவுக் கடை வரவில்லை. பழைய கடைவீதியில் ஒற்றைக் கதவுக் கடை ஒன்றுக்கு முன்பணம் வந்தது. அதைப் பார்க்க நாங்கள் போனபோது, உள்ளே ஒன்றுமே இல்லாத அறையில் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, ஒரு தோசை, கொஞ்சம் முறுவலா," என்றார். அண்ணி வெறும் கையால் தோசை ஊற்றிக் காட்டினார். அத்தனை சந்தோஷமாக அண்ணனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடை திறக்கும் முன்பே அண்ணன் மருத்துவமனைக்குப் போகவேண்டியதாயிற்று. பாதிரியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். அண்ணன் கலங்கவில்லை. "மேசை வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றோம். "பச்சையா?" "பச்சைதான்." அதற்குப் பிறகு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை, அண்ணி செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அமைதியாக ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் நன்றி. கேட்காமலே வந்து நின்ற பாதிரியாருக்கும் ஆலயப் பாடகர் குழுவுக்கும் நன்றி. முப்பது நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த தோட்டத்துச் சொந்தங்களுக்கும் பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரங்கல் கூட்டத்துக்கு வந்து, அண்ணன் தங்களுக்கு இலவசமாகக் கொடுத்த அறிவுரைகளைச் சொல்லி எங்களை அழ வைத்த காமிக்ஸ் நண்பர்களுக்கும் நன்றி. ஜெராக்ஸ் கடை முதலாளி தவுக்கேயையும் விடக் கூடாது. அவர் போட்ட பிளாஸ்டிக் இன்னும் ஓர் ஓரம்கூடப் பிரியவில்லை.

தனியாக எதற்குக் கடை என்று சிலர் சொன்னதையெல்லாம் அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. திறந்தார். முதல் நாளே தோசைக்குக் காத்திருந்தவர்கள் பொழுது போகாமல் இருந்ததைப் பார்த்து, வீட்டுக்குப் போய் அந்த லேமினேட் புத்தகங்களை எடுத்துவந்து சுவர் அலமாரியில் வைத்தார். ஒரு லாரி ஓட்டுநர் ஒன்றை எடுத்துப் பிரித்துவிட்டு, தோசை வந்த பிறகும் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் தோசை, மறு கையில் புத்தகம். சாம்பார் கிண்ணம் சாய்ந்து அட்டை முழுக்கக் கொட்டியது.

"கை! கை!" என்று நான் கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணன்தான் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அண்ணி ஈரத் துணியோடு வந்தார். ஒரே இழுப்பு. அட்டை பளபளவென்று ஆகிவிட்டது. அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளிவிழாவன்று சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"தொடச்சா போயிரும், பாப்பா. அவரு படிக்கட்டும்."

நீங்கள் இப்போது சாப்பிட உட்கார்ந்திருப்பது அந்தப் பச்சை மேசையில்தான். தலையை நிமிர்த்தினால் அலமாரி தெரியும். யாரும் விலை கொடுக்காத என் அண்ணனின் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. எழுந்து போய் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கை கழுவ வேண்டாம்.