செத்த காலேஜுக்குப் போன அம்மன்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருவள்ளூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கிணறு தூர்வாரும்போது ஒன்றரை அடி உயர அம்மன் சிலை கிடைத்தது. செப்புச் சிலை. புதையலானதால் சென்னை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க உத்தரவு. கிணற்றுக்குச் சொந்தக்கார அம்மாவோ சிலையை அறையில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மன் இருந்த கிணறு என்று அதில் தண்ணீர் இறைக்கவும் யாரையும் விடவில்லை.

"செத்த காலேஜுக்கா சாரு? செத்ததுங்கள வெச்சிக்கினு கீற எடம். இவள அனுப்ப மாட்டேன்."

அந்தப் பக்கத்தில் அருங்காட்சியகத்துக்கு அதுதான் பெயர். காணும் பொங்கலன்று போய், பாடம் செய்த மிருகங்களையும் திமிங்கல எலும்பையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

மறுத்தால் போலீஸை அனுப்பிப் பூட்டை உடைப்பதாகத் தாசில்தார் சொல்லியிருந்தார். ஊர் சும்மா இருக்காது. இடத்தைப் பார்த்தால் அந்த அம்மா சம்மதிப்பார் என்று நம்பி, அவரையும் கணவரையும் மறுநாளே பஸ்ஸில் அழைத்துப்போனேன்.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாகச் சேர்த்தவை, பல்லவர், சோழர், மெழுகில் செய்து வார்க்கும் முறை என்று நான் அடுக்கினேன். அவர் காதில் விழவே இல்லை.

"இவ எந்த ஊரு?"

சிலைக்குக் கீழே எழுதியிருந்த ஊரைப் படித்தேன். அடுத்ததற்கும் கேட்டார். அந்தக் கூடத்தில் நாற்பத்திரண்டு சிலைகள், எண்ணிக்கொண்டே படித்தேன்.

"அந்தந்த ஊர்க்காரங்க வந்து பாக்கறாங்களா?"

காவலாளி முந்திக்கொண்டார். "எவன்மா வரான்? அல்லாம் திமிங்கலத்தப் பாத்துட்டுப் பூடறாங்க."

காரியம் கெட்டது என்று நினைத்தேன். அந்த அம்மா திரும்பி அந்தச் சிலைகளை இன்னொருமுறை பார்த்தார். பிறகு கணவரிடம், "ஊட்ல பூட்டி வெச்சா எனுக்கு மட்டுந்தான். இங்கன்னா ஊரே வந்து பாக்கலாம். நாம வருவோம்யா" என்றபடி சாவியை என்னிடம் நீட்டினார்.

"அப்போ இனிமேலாச்சும் கெணத்துல தண்ணி எறைக்க வுடுவியா?" என்றார் கணவர்.

அடுத்த காணும் பொங்கலுக்கு ஊரே வந்தது. நானும் போயிருந்தேன். திமிங்கலத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கள் அம்மனைக் கும்பிட்டவர்கள், தேடிவர ஆளில்லாத மற்ற நாற்பத்திரண்டு பேரையும் ஒருவர் விடாமல் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

இன்றும் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், ஒவ்வொரு சிலையின் முன்னும் அதன் ஊர்ப் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்கிறேன். அங்கிருந்து யாரும் வராவிட்டாலும் அந்தப் பெயராவது அதன் காதில் விழட்டும்.