கத்திரிக்காய் முள்

இன்று கத்திரிக்காய் நறுக்கும்போது காம்பு முள் விரலில் குத்தியது. ஊத்துக்கோட்டைப் பக்கம் நான் படித்த பள்ளியின் தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

ஆந்திரா பிரிந்த வருஷம் எங்கள் கணக்கு வாத்தியார் அந்தப் பக்கம் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. கணக்குப் பீரியடில் ஹெட்மாஸ்டர் எங்களைக் கத்திரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவார். பரீட்சையில் வகுப்பே கணக்கில் பெயிலானது.

ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, "உன் பொண்ணுக்குக் கவனமே இல்லப்பா" என்றார். ஒரு பை கத்திரிக்காயும் கொடுத்தனுப்பினார்.

"வாத்தியாரே இல்ல நைனா" என்று வீட்டில் அழுதேன்.

"வாத்தியார் இல்லாட்டி இன்னா? புக்கு இருந்திச்சில்ல? படிச்சது போதும், ஊட்ல இரு."

அன்று சாயங்காலம் அந்தக் காய்களை நான்தான் நறுக்கினேன். ஒன்றில்கூடச் சொத்தையில்லை. அவ்வளவு கவனமாக வளர்த்திருந்தோம்.